டயருக்கு நாடி பார்ப்பவர்

சத்த நிபுணர் என்றொரு இனம் உண்டு. அவருடைய காரில் நீங்கள் ஒரு முறையாவது ஏறியிருப்பீர்கள். வண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பாட்டை அணைக்கச் சொல்வார், பேச்சை நிறுத்தச் சொல்வார், விட்டால் மூச்சையும் நிறுத்தச் சொல்வார், பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு (ஓட்டுகிறவரும் அவர்தான்), "கேக்குதா?" என்பார்.

கேட்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள். காது டாக்டர் ஒருவரைச் சிபாரிசு செய்வார். கேட்கிறது என்றால், "எந்தப் பக்கம்?" என்பார். இடது என்றால் வலது. வலது என்றால், உங்களுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?

என் அக்காவின் வீட்டுக்காரர் இந்த இனத்தில் மூத்தவர். அடுக்குமாடியில் எல்லாருக்கும் அவர் 'ஸ்டெதஸ்கோப்'. ஒரு ஞாயிற்றுக்கிழமை, டயர்களை இடம் மாற்றிப் போடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். முன் டயர் பின்னுக்குப் போக வேண்டும், அதுவும் குறுக்காக, இடது வலதாக, பெருக்கல் குறி போட்டாற்போலப் போக வேண்டும் என்பது அவருடைய முதல் கார் காலத்துச் சித்தாந்தம். ஜாக்கி வைத்து, கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு, அதற்கும் ஜாக்கியையே திட்டி, வேலையை முடித்தார். திங்கட்கிழமை காலை வண்டி ஊம்ம்ம் என்று முனக ஆரம்பித்தது.

விசாரணை தொடங்கியது. முதலில் சக்கரத்து பேரிங்கைச் சந்தேகப்பட்டார். அப்புறம் ஜன்னல் ரப்பர், அப்புறம் சாலை போட்டவன், அப்புறம் பின்சீட்டில் கிடந்த அக்காவின் சாப்பாட்டுப் பை என்று ஒவ்வொன்றையும் கூண்டில் ஏற்றி இறக்கினார். கடைசியில் டயரைத் தடவினார். அதன் ரப்பர்க் கட்டை ஒவ்வொன்றும் ஒரு விளிம்பு உயர்ந்தும் ஒரு விளிம்பு தாழ்ந்தும் தேய்ந்திருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டார்.

"நீ பிரேக்க மிதிக்கிற மிதியில டயர் அழுவுது," என்றார் அக்காவிடம்.

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்தானே அழுவுது?"

"அது வரைக்கும் பொறுத்துக்கிட்டு இருந்துச்சு," என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவன், நீயே சொல்லு மாப்ள."

நான் படித்தது வரலாறு. அதில் இப்படிப்பட்ட தீர்ப்புகள் ஏராளம்.

சத்தம் தீரும் வரை அக்கா வண்டியைத் தொடக் கூடாது என்று உத்தரவானது. சாவி அவருடைய சட்டைப் பைக்குப் போயிற்று. அக்கா நர்ஸ், ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாற வேண்டும். தினமும் தாமதம். இன்னொரு முறை தாமதமானால் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து எடுத்து, சீட்டு எழுதிக் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்துவிடுவேன் என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டார். அந்தப் பிரிவுக்குள் நுழைய அக்கா பட்ட பாடு எங்கள் குடும்பத்துக்கே தெரியும்.

"உக்காந்து பாக்குற வேலைதானே, காலுக்கு நல்லது," என்றார் மாமா. பிரேக் மிதித்த குற்றத்துக்காக அந்தக் காலுக்குத்தான் தண்டனையே என்பது அவருக்கு நினைவில்லை.

ஒரு நாள் காலை, பஸ்ஸைத் தவறவிட்ட அக்கா யூனிஃபார்மோடு திரும்பி வந்தாள். மாமா என்னைத் துணைக்கு நிறுத்தி வைத்துக்கொண்டு, காருக்கு அருகில் மண்டியிட்டு, சக்கரத்தில் காதை வைத்திருந்தார். வண்டி ஓடவே இல்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவும் குனிந்து டயரைத் தடவினாள். "இப்படித் தடவினா வழவழன்னு இருக்கு. அப்படித் தடவினா ரம்பம் மாதிரி அறுக்குது." கை நின்றது. "இது என்னங்க அம்பு?"

"அதுவா? டிசைன்."

"சுத்துற திசைன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கே?"

காரை ஒரு சுற்று வந்தாள். ஒரே திசையில் உருளவென்று செய்த டயர்கள் அவை. முன்னும் பின்னும் மாற்றலாம், இடமும் வலமும் மாற்றக் கூடாது.

"நாலு அம்பும் பின்னால போகச் சொல்லுதுங்க. நாமதான் முன்னால போயிட்டு இருக்கோம்."

மாமா கைக்குட்டையால் அம்பைத் துடைத்தார். துடைத்தும் அது திரும்பவில்லை. எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

"கம்பெனிக்காரன் அம்பத் தப்பாப் போட்டுட்டான்."

"போட்டுட்டுப் போறான். சாவியக் குடுங்க, டியூட்டிக்கு நேரமாச்சு."

மாமா என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன். சாவி வெளியே வந்தது.

அக்கா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்; தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் இடமும் தப்பியது. திரும்பும் வழியில் டயர் கடையில் நான்கையும் உரிய பக்கத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள். தேய்ந்தது தேய்ந்ததுதானே, முனகல் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. இப்போது அவள் ஓட்டுகிறாள்; பக்கத்து சீட்டில் மாமா பாட்டை அணைத்துவிட்டு, "லேசா கேக்குது பாரு, நான் அப்பவே சொன்னேன், பேரிங்," என்கிறார்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவருடைய முகம் இந்நேரம் நினைவுக்கு வந்திருக்கும். இதை உங்கள் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்; அவர்களுக்கும் ஒரு முகம் நினைவுக்கு வரும். எல்லாரும் ஏன் உங்களையே பார்க்கிறார்கள் என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள்.

யாருடைய சாவி அது?