ஆட்டுத்தோல் சீட்டும் மாப்பிள்ளை அழைப்பும்

எதிலும் கடைசியாகச் சேர்க்கிற சாமான்தான் ஆளைக் கவிழ்க்கும். பிரியாணியில் அது உப்பு. என் வண்டியில் அது ஆட்டுத்தோல்.

எனக்கு எழுத வராது. பேசவும் அதிகம் வராது. ஆனால் இந்தக் கதையை எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். போன பெருநாளில் என் தங்கச்சி மகன் சொன்னபோது நாய்கள் நூறு ஆகிவிட்டன. அவ்வளவு இல்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளில் நடந்தது. தாராவியில் வாப்பாவுக்குச் சின்னதாகத் தோல் பட்டறை. தியோனார் கசாப்புக் கூடத்திலிருந்து ஆட்டுத்தோல் வரும். உப்புப் போட்டு, சுண்ணாம்பில் ஊறவைத்து, முடி நீக்கி, பதனிட்டு அனுப்புவோம். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்பார்கள்.) தோல் ஏற்றும் பிக்கப்பை ஓட்டினேன்.

பழைய பிக்கப். சாம்பல் நிறம். முன்னால் மூன்று பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. பார்த்தால் யாருக்கும் ஆசை வராது. எனக்கு வந்தது. அந்தக் காலத்தில் பம்பாயில் பையன்கள் மோட்டார் சைக்கிளைத்தான் அலங்காரம் செய்வார்கள். பிக்கப்பை யாரும் தொட்டதில்லை. நான் தொட்டேன்.

சயனில் பாண்டு என்று ஒரு மெக்கானிக் இருந்தான். மராட்டிக்காரன், என் வயசு. எது கேட்டாலும் ‘ஹோ ஜாயேகா’ என்பான். ஆகிடும் என்று அர்த்தம். ஆகுமா என்று அவனுக்கும் தெரியாது.

வண்டி தாழ்வாக இருந்தால் ஸ்டைல் என்றேன். ‘ஹோ ஜாயேகா’ என்றான். பின்சக்கரத்துக்கு மேல் பாரம் தாங்கும் இரும்புப் பட்டைகளில் பாதியை உருவிவிட்டான். முன்பக்கத்தையும் இறக்கினான். வண்டி ரோட்டோடு ரோட்டாகப் படுத்தது. சத்தம் வேண்டும் என்றேன். சைலென்சரை அறுத்தான். வேகம் வேண்டும் என்றேன். கார்புரேட்டரைப் பிரித்து ஏதோ செய்தான். எடுப்பு வந்தது. பெட்ரோலும் பறந்தது. அகல டயர், பளபளக்கும் வீல் கப், ஐந்து சுரத்தில் பாடும் ஹாரன், இரண்டு கதவிலும் நெருப்புப் படம். நெருப்பை வரைந்தவன் தொழிலில் சாமி படம் வரைகிறவன். அதனால் என் நெருப்பு கொஞ்சம் சாந்தமாக இருக்கும்.

தாராவி அறுபதடி ரோட்டில் முதல் தடவை ஓட்டியபோது டீக்கடையில் கிளாஸ்கள் ஆடின. ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்ததும் போய் வண்டியைப் பார்த்தேன். அங்கேயே நின்றது. சந்தோஷமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் என் தங்கச்சி ஜமீலாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை சாதிக், செம்பூர். ஆபீசில் கிளார்க். நல்ல பிள்ளை. சிக்கல் அவருடைய தாய்மாமா. மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளில் அத்தர் கடை வைத்திருந்தார். பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் உட்கார்ந்து, எங்கள் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

“எல்லாம் சரிதான். ஆனா தோல் வீடு பாருங்க. எனக்கு மூக்குதான் பொழப்பு. இங்க வந்துபோனா ரெண்டு நாளைக்கு ஒரு அத்தர் வாசமும் மூக்குக்குத் தெரியாது.”

வாப்பா சிரித்துச் சமாளித்தார். திரைக்குப் பின்னால் ஜமீலா நின்றாள். அன்று முழுக்கக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

சாதிக் பிடிவாதமாக நின்றதால் கல்யாணம் முடிவானது. பகல் தொழுகைக்கு முன்னால் நிக்காஹ். எங்களில் மாப்பிள்ளையைப் போய் அழைத்து வருகிறது பெண்ணின் கூடப்பிறந்தவன் வேலை. வாப்பா வெள்ளைக் கார் வாடகைக்குப் பேசப் போனார். நான் மறித்தேன்.

“நம்ம வண்டி இருக்கு வாப்பா.”

“தோல் ஏத்துத வண்டியிலயா மாப்பிள்ளைய கூட்டியாரப் போற?”

“தோல் வண்டியா அது? போய்ப் பாருங்க.”

வாப்பா போய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “என்னலே இது, சக்கரத்துல பாதிய காணும்” என்றார். ஆனால் சம்மதித்தார். அத்தர்காரர் வாயை அடைக்கிற மாதிரி ஒரு வரவு வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்திருக்கும்.

பின் தொட்டியில் பழைய சோபா ஒன்றை ஏற்றி ஆணி அடித்தேன். மாப்பிள்ளை உட்கார்ந்து வருவது ஊருக்குத் தெரிய வேண்டாமா? சோபா கிழிந்திருந்தது. ரெக்சின் போடலாம் என்றான் பாண்டு. ரெக்சின் யாரும் போடுவான். நான் தோல்காரன் மகன். கறுப்பும் வெள்ளையும் புள்ளி விழுந்த ஆட்டுத்தோல், முடியோடு. நினைத்தபோதே உடம்பு சிலிர்த்தது.

முடியோடு வேண்டுமென்றால் சுண்ணாம்பில் போட முடியாது. நிதானமாக, பொறுத்துப் பதனிட வேண்டும். எனக்குப் பொறுக்க நாள் இல்லை. உப்பும் படிகாரமும் தேய்த்து, தகரக் கூரையில் காயவைத்து, சோபாவில் இழுத்து அடித்துவிட்டேன். வாப்பா கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“பதம் பத்தாதுலே. உள்ள ஈரம் நிக்கி.”

“வெயிலு பாத்துக்கிடும் வாப்பா.”

“ஆமா. வெயிலுதான் பாத்துக்கிடும்” என்றார். பந்தல்காரன் கூப்பிட்டதால் போய்விட்டார். (அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு மாப்பிள்ளையோடு திரும்பும்போதுதான் விளங்கியது.)

தெருவில் அத்தனை பேரும் வந்து பார்த்தார்கள். தடவிப் பார்த்தார்கள். யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. எப்படிச் சுளிப்பார்கள்? எல்லோரும் பட்டறைக்காரர்கள். பிறந்ததிலிருந்து அந்த வாடையில்தான் மூச்சு விடுகிறோம்.

மே மாதம். காலையிலேயே வெயில். நானும் பாண்டுவும் கிளம்பினோம். வண்டி உறுமியது. வழியெல்லாம் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு பார்த்தார்கள். தூசிக்கு என்று நினைத்தேன். சூனாபட்டி கிட்ட ஒரு நாய் கூடவே ஓடிவந்தது. நெருப்புப் படம் பிடித்துவிட்டது போல என்றேன். பாண்டு தலையாட்டினான்.

செம்பூரில் சாதிக் வெள்ளைக் கோட்டும் மாலையுமாக வந்தார். வண்டியைப் பார்த்ததும் கிளார்க் களை போய்விட்டது. “அரே மச்சான், ஏக்தம் ஜபர்தஸ்த்” என்று வியந்து தொட்டியில் தாவி ஏறி சோபாவில் உட்கார்ந்தார். அத்தர் மாமா பக்கத்தில் வந்து நின்றார். மூக்கு இரண்டு தடவை அசைந்தது.

“தம்பி, என்னமோ அடிக்கே?”

“புதுத் தோலு மாமா. அப்படித்தான் இருக்கும்.”

அவர் ஜேப்பிலிருந்து அத்தர் குப்பியை எடுத்தார். சோபாவில் தெளித்தார். திருப்தி இல்லாமல் மொத்தத்தையும் கவிழ்த்தார். ஏறி உட்கார்ந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டார். மற்ற சொந்தக்காரர்கள் டாக்ஸிகளில் முன்னால் போய்விட்டார்கள்.

புறப்பட்டோம். ஊர்வலம் என்பதால் மெதுவாக ஓட்டினேன். அதுதான் தப்பு. வெயில் ஏற ஏற தோல் வியர்த்தது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் நாலு நாய். அப்புறம் ஏழு. அப்புறம் எண்ணவில்லை. மேலே காக்காய்கள் வட்டமடித்தன. ஒரு காக்காய் மாமாவின் தொப்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோபாவைக் கொத்தியது.

மாமா என் முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைத் தட்டினார். “வண்டிய நிறுத்து. திருப்பு. பாத்தியா சாதிக், நான் அன்னைக்கே சொன்னேன்லா? இது தோல் வீடுடே. இந்த வாடையோட நான் சபையில உக்கார மாட்டேன்.”

திரைக்குப் பின்னால் நின்ற ஜமீலாவின் முகம் ஞாபகம் வந்தது. அவள் அன்று கையைக் கழுவியதெல்லாம் வீணாகப்போகிறது, அதுவும் என்னால். அப்போது ஒரு நாய் தொட்டியின் விளிம்பில் தாவி, சாதிக்கின் கோட்டு நுனியைக் கவ்வியது.

“மச்சான்” என்று சாதிக் கத்தினார். “அடிங்க. ஃபுல் ஸ்பீடு.”

திருப்பச் சொல்லவில்லை. போகச் சொன்னார். எனக்கு அது போதும். மிதித்தேன்.

அந்த வண்டி அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை என்னால் எழுத முடியாது. அறுத்த சைலென்சரில் தீப்பொறி. ஹாரனின் ஐந்து சுரமும் ஒன்றாக அலறின. லாரிக்காரர்கள் ஒதுங்கினார்கள். பாண்டு டேஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நாய்கள் புள்ளியாகின. மாமா இரண்டு கையாலும் சோபாவைக் கட்டிப்பிடித்திருந்தார். மூக்கைப் பிடிக்கக் கை மிச்சம் இல்லை. நானும் சிரித்தேன். கல்யாணம் நிற்கப்போகிறதோ என்ற பயத்திலும் சிரிப்பு வந்தது.

சயன் தாண்டி தாராவிக்குத் திரும்பும் இடத்தில் ஒரு ஸ்பீடு பிரேக்கர்.

முன்சக்கரம் ஏறி இறங்கியது. வண்டியின் வயிறு மேட்டில் உட்கார்ந்துவிட்டது. தாழ்த்திய வண்டி அல்லவா? முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. சக்கரம் சுற்றியது. கருகிய டயர் வாடையும் சேர்ந்தது.

பாண்டு இறங்கி அடியில் பார்த்தான். “ஹோ ஜாயேகா” என்றான். பின்னால் குரைப்பு கேட்டது.

சாதிக் எழுந்தார். சோபாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாலையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பிறகு ஆட்டுத்தோலின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு. ஆணியெல்லாம் பறந்தது. தோலைச் சுழற்றி ரோட்டோரம் எறிந்தார். அடுத்ததையும் உரித்து எறிந்தார். கிளார்க் வேலை பார்க்கிற கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. நாய்கள் வண்டியை விட்டுத் தோலுக்குச் சண்டை போட்டன.

“மாமா, நீங்க இறங்குங்க. வெயிட்டு குறையும்” என்றார்.

மாமா இறங்கினார். ஒரு நாய் தோலை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது. மாமா முன்னால் ஓடிவந்து என் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு அதற்கப்புறம் வழி இல்லை.

மாப்பிள்ளையும் பாண்டுவும் தள்ளினார்கள். வண்டி நகர்ந்தது. பள்ளிவாசல் வாசலில் போய் நிறுத்தினேன். வண்டிச் சத்தத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். கையில் தோல் வாடையும் கோட்டில் பத்து விரல் கிரீசுமாக சாதிக் இறங்கினார். நேரத்துக்கு வந்துவிட்டோம்.

வாப்பா ஓடிவந்து எல்லோரையும் கட்டிப்பிடித்தார். அவருக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. மாமா மூக்கில் கைக்குட்டையோடு நிற்பதைப் பார்த்து, “என்ன மச்சான், சளியா?” என்று விசாரித்தார். கஷாயம் போடச் சொல்லவா என்றார்.

நிக்காஹ் முடிந்து பந்தி. மாமா உட்கார்ந்த வரிசையில் அந்தப் பக்கம் ரெண்டு ஆள், இந்தப் பக்கம் ரெண்டு ஆள் எழுந்து போனார்கள். எல்லோரும் எங்கள் பட்டறைக்காரர்கள். வெறும் தோல் வாடை எங்களுக்குத் தெரியாது. அத்தர் கலந்த தோல் வாடையை நாங்களும் அதுவரை கண்டதில்லை. மாமா தனியாகச் சாப்பிட்டார். தோல் வாடை பற்றி அதற்குப் பிறகு அவர் பேசியதில்லை.

அன்று சாதிக் ஜமீலாவிடம் முதலில் பேசியது, “வீட்ல சோப்பு இருக்கா?” என்றுதான். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாராம். அவள் சிரித்துவிட்டாள்.

“எத்தன சோப்பு போட்டாலும் போவாது. நீங்க எங்க வீட்டு ஆளாயிட்டீங்க.”

பிக்கப்பில் பாண்டு பட்டைகளைத் திரும்ப மாட்டினான். நெருப்பு மட்டும் வண்டி விலைபோகும்வரை இருந்தது. அதற்கப்புறம் எத்தனையோ வண்டி மாற்றிவிட்டேன். இப்போது ஏசி வண்டி. ஆனால் செம்பூரில் தங்கச்சி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால், சாதிக் மச்சான் வெளியே வருவார். என்னைப் பார்க்க மாட்டார். வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போய், ஏதாவது துரத்தி வருகிறதா என்று ரோட்டில் இரண்டு பக்கமும் எட்டிப் பார்ப்பார். அப்புறம்தான் கேட்பார்:

“எல்லாரும் வந்தாச்சா மச்சான்?”