இரவல் ஃபிரிட்ஜும் என் மேன்முறையீடும்

அரசாங்கத்திலிருந்து வரும் எந்தக் கடிதத்தையும் நான் ஒரே வாசிப்பில் புரிந்துகொண்டது கிடையாது. இரண்டாம் வாசிப்பில் இன்னும் குழம்புவேன். மூன்றாம் வாசிப்பில் கோபம் வரும். அந்தக் கோபத்தோடு ஒரு நாள் பேனாவை எடுத்தேன். அதனால் வந்த வினைதான் இது.

பதுளைக் கடைவீதியில் ஒரு புடவைக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். சாமான் விலையெல்லாம் தலைக்கு மேலே போன காலத்தில், முதலாளி ஹாஜியார் எங்களைக் கூப்பிட்டு, "மகள், இனி எனக்கு ஏலாது" என்று கண்கலங்கிக் கடையை மூடிவிட்டார். மறுநாள் விடியற்காலையில் எழுந்து, குளித்து, தலைவாரி, பவுடரும் போட்ட பிறகுதான் போவதற்கு இடமில்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது. (அவ்வளவு சுறுசுறுப்பு.)

எங்களுடையது அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் வேலை. முழங்கால் வீங்கிப்போய், இனிமேல் மலை ஏறவே கூடாது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். என் சம்பளத்தை நம்பித்தான் அம்மா வேலையை விட்டு நின்றுகொள்வதாக இருந்தது. இப்போது நான் வீட்டில் உட்கார்ந்திருக்க, அம்மா நொண்டிக்கொண்டே மலைக்குப் போனாள். வெட்கமாக இருந்தது.

வருமானமில்லாத குடும்பங்களுக்கு அரசாங்கம் நிவாரணக் காசு கொடுக்கிறது என்றார்கள். விண்ணப்பம் போட்டேன். மாதங்கள் ஓடின. பிறகு பதில் வந்தது: தங்கள் வீட்டில் தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, மோட்டார் சைக்கிள் ஆகியவை இருப்பதால் தாங்கள் தகுதி பெறவில்லை.

எங்கள் வீட்டில் கரண்டில் ஓடிய ஒரே சாமான் பல்ப். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவேளை எங்கேயாவது இருக்கிறதோ என்று நான் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன்.

விசாரிக்கப் போனால் முதல் ஆபீஸில் அடுத்த ஆபீஸைக் காட்டினார்கள். அங்கே இன்னொரு ஆபீஸைக் காட்டினார்கள். அந்த இன்னொரு ஆபீஸில், நீங்கள் முதலில் போயிருக்க வேண்டிய இடம் முதல் ஆபீஸ்தான் என்றார்கள். கடைசியில் ஒருவர் இரக்கப்பட்டு விஷயத்தைச் சொன்னார். ஒரே கூரையின் கீழ் ஒட்டி நிற்கும் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் தனித்தனி விலாசம் கிடையாது. வரிசை முழுவதற்கும் ஒரே விலாசம். பக்கத்து வீடுகளின் சாமான்களை யாரோ எங்கள் பெயரில் ஏற்றிவிட்டார்கள். டிவியும் ஃபிரிட்ஜும் அடுத்த வீட்டு சரசு அக்காவுடையவை. மோட்டார் சைக்கிள் அவள் தம்பி ரவியுடையது.

உடனே மேன்முறையீடு எழுதினேன். "மேற்படி பொருட்களை நாங்கள் எங்கள் வீட்டுக்குள் கண்ணால் கண்டதும் இல்லை, கையால் தொட்டதும் இல்லை. நம்பாவிட்டால் நேரில் வந்து பார்க்கவும்." (அந்தக் கடைசி வரி தேவையே இல்லை. யார் சொல்லி நான் கேட்டேன்.) அதிகாரி ஒருவர் வருவார் என்று பதில் வந்தது. என்றைக்கு வருவார் என்று அதில் இல்லை.

அதற்குள் பூனாகலையிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு பண்டாரவளையில் ஹார்ட்வேர் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தால் அது வரிசைக்கே வருகிற மாதிரி. நாற்காலி ஒரு வீட்டிலிருந்தும் கோப்பை இன்னொரு வீட்டிலிருந்தும் தானாகவே வந்து சேரும். சரசு அக்கா அதோடு நிற்கவில்லை.

"டிவி இல்லாத வீடுன்னா என்ன நெனைப்பாங்க? தூக்குடா ரவி."

டிவி வந்தது. சோடா சில்லென்று இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜும் வந்தது. எங்கள் வீட்டில் அதை மாட்டினால் லயத்துக்கே கரண்ட் போய்விடும் என்பதால் சும்மா நின்றது. வாசலில் ஓடும் சாக்கடைக் கானை மறைக்க ரவி மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினான். அதிகாரியின் பட்டியல் அப்படியே எங்கள் வீட்டில் வந்து கூடியிருந்தது. அது என் மண்டையில் ஏறவே இல்லை. நான் சேலை மடிப்போடு போராடிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் தாய்மாமனும் வந்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில், கையில் ஃபைலோடு நரைத்த தலைக்காரர் ஒருவர் வாசலில் நின்றார். மாப்பிள்ளை பக்கத்து ஆள் என்று நாங்கள் நினைத்தோம். பெண் பக்கத்துப் பெரியவர் என்று அவர்கள் நினைத்தார்கள். ஆளுக்கு ஆள் எழுந்து அவருக்கு இடம்விட்டார்கள். அம்மா முறுக்கும் தேத்தண்ணியும் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை பார்க்கும் தனக்கு இப்படி ஒரு மரியாதையா என்று அவரும் மகிழ்ந்துபோய் உட்கார்ந்தார்.

"வீட்டில எத்தனை பேர்?" என்று கேட்டார். நிதானமாகப் பேசினார்.

"அம்மாவும் புள்ளையும்தாங்க" என்றாள் சரசு அக்கா.

"மகளுக்கு வேல இருக்கா?"

சரியான கேள்வி என்பதுபோல் மாப்பிள்ளையின் அம்மா தலையாட்டினார்.

"ஏன் இல்லாம?" என்றாள் சரசு அக்கா. "பதுளையில பெரிய கடையில வேல. கைநெறைய சம்பளம்."

"அந்த டிவி, ஃபிரிட்ஜ்?"

"எல்லாம் புள்ளையோடதுதாங்க. வெளியில நிக்கிற பைக்கும்தான்."

நான் ஃபிரிட்ஜில் கை ஊன்றிக் குனிந்த தலையோடு, பெருமையாக நின்றேன். அவர் ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். "கண்ணால் கண்டதும் இல்லை, கையால் தொட்டதும் இல்லை" என்று மெதுவாக வாசித்துவிட்டு என் கையைப் பார்த்தார்.

நான் கையை எடுத்தேன். தாய்மாமன் கடித்த முறுக்கை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தார்.

உண்மையைச் சொன்னால் சம்பந்தம் போகும். சொல்லாவிட்டால் நிவாரணம் போகும். எதை விடுவது என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டையும் விட்டுவிட்டு பின்கதவால் ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. (லயத்து வீட்டுக்குப் பின்கதவு இல்லை.)

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், இந்த டிவியும் ஃபிரிட்ஜும் சரசுவோடது. பைக்கு அவ தம்பியோடது. நீங்க உக்காந்திருக்கிற நாக்காலி கடைசி வீட்டு மாரியாயி குடுத்தது. புள்ள கட்டியிருக்கிற சேலையும் எரவலுங்க. அவளுக்கு வேல போயி ரொம்ப நாளாச்சு. என்னால மலை ஏற முடியல சார். வேற ஒண்ணும் இல்ல." பிறகு மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க. பொய் சொல்லிப் புள்ளைய கட்டிக் குடுத்தா நாளைக்கு அவதானே அனுபவிக்கணும்" என்றாள்.

சரசு அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். "இது எங்க பக்கத்து வீட்டு மருமகளோடதுங்க. இருட்டுறதுக்குள்ள குடுத்தாகணும்."

பிறகு மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அவர் பேசி நான் கேட்ட முதல் வார்த்தைகள் இவைதான்: "சப்பாத்து மாமாவோடது. கால்ல கொஞ்சம் கடிக்குது."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தார். "அப்ப இந்த வீட்டில உங்களுக்குச் சொந்தமானது எது?"

அம்மா நாலு பக்கமும் பார்த்தாள். கடைசியில் என்னைக் காட்டினாள். "இவ ஒருத்திதாங்க எங்களுது."

அவர் அதையே எழுதிக்கொண்டார்.

மேன்முறையீடு ஏற்கப்பட்டது என்ற கடிதம், அதே மாப்பிள்ளையோடு நடந்த என் கல்யாணத்துக்கு முன்பே வந்தது. காசு கல்யாணத்துக்குப் பிறகும் வரவில்லை. பேங்கில் கேட்டால் ஆபீஸ் அனுப்பவில்லை என்றார்கள். ஆபீஸில் கேட்டால் பேங்கில் இருக்கிறது என்றார்கள். அந்தக் காசு இடையில் எங்கே சுற்றிக்கொண்டிருந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அது வந்து சேரும்வரை அம்மா முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு மலைக்குப் போனாள். அதை நினைத்தால் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது.

காசு வந்த அன்று அம்மா தன் கொழுந்துக் கூடையைச் சரசு அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "எரவல் இல்ல, நீயே வச்சுக்க."

இப்போதும் எனக்கும் அவருக்கும் சண்டை முற்றும்போது, என் கணவர் அம்மாவைக் கூப்பிட்டு அலுத்துக்கொள்வார்.

"எரவல் சாமான்னா இந்நேரம் திருப்பிக் குடுத்திருப்பேன் அத்தே. இது ஒண்ணுதான் சொந்தம்னு கவர்மென்ட்லயே எழுதிக் குடுத்துட்டீங்களே, நான் எந்த ஆபீஸுக்குப் போவேன்?"