நோட்டீஸில் முதல் பெயர்

ஞாயிற்றுக்கிழமை அடையாறு முகத்துவாரத்துக் குப்பத்தில் காலரா ஊசி போடுவதென்று எங்கள் மயிலாப்பூர் சேவா சபையில் தீர்மானமாயிற்று. யார் யாரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று ஜாபிதா எழுதி, அவர்களை நேரில் பார்த்துவரும் வேலை காரியதரிசியான என் தலையில் விழுந்தது.

"சீக்கிரம் முடிங்க ஐயா," என்றார் சாந்தோம் டாக்டர் சவரிமுத்து. "பக்கத்துக் குப்பத்துல வாந்திபேதி வந்தாச்சு. ஒரு வாரம் தள்ளினா ஊசி போட ஆள் மிஞ்சாது."

ஊசி என்று கேட்டாலே எனக்குக் கண் இருட்டும். ஆனால் போட்டுக்கொள்ளப் போவது நானில்லையே! தைரியமாகக் கிளம்பினேன்.

முதலில் ராவ்பகதூர். சுகாதார அதிகாரிக்கு அவர் கடிதம் கொடுத்தால்தான் மருந்து கிடைக்கும்.

"பேஷா தரேன். நோட்டீஸ் போடறேள் இல்லையோ? அதுல என் பேர் எத்தனாவதா வரது?"

"முதலாவதாக!"

அடுத்தவர் தியாகராயநகர் காண்ட்ராக்டர் முதலியார். டாக்டரும் மருந்தும் போக அவர் கார் வேண்டும்.

"காரென்ன, டிரைவரையும் சேர்த்தே தரேன். நோட்டீசுல யார் பேர் முதல்ல?"

"உங்கள்..." என்று என் வாய் முந்திக்கொண்டது.

"ஆமா! ராவ்பகதூர் பேர் எனக்கு மேல வந்தா கார் ஷெட்டை விட்டு வெளிய வராது, சொல்லிட்டேன்!"

கடிதம் இல்லாவிட்டால் மருந்து இல்லை. கார் இல்லாவிட்டால் டாக்டர் இல்லை. மயிலாப்பூருக்கும் தியாகராயநகருக்கும் நடையாய் நடந்தேன். அகர வரிசை என்றேன், வயது வரிசை என்றேன். இருவரும் மசியவில்லை.

மூன்றாம் நாள் என் மூளை வேலை செய்தது. கச்சேரி ரோடு அச்சாபீஸில் இரண்டு விதமாக நோட்டீஸ் அடித்தேன். ஒன்றில் ராவ்பகதூர் முதல், இன்னொன்றில் முதலியார் முதல். அவரவர் நோட்டீஸ் கட்டை அவரவர் வீட்டில் சேர்த்துவிட்டு, என் சாமர்த்தியத்தை மெச்சி எனக்கு நானே ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

இருவரும் அந்தக் கட்டோடு குப்பத்துக்கே வருவார்கள் என்று நான் கண்டேனா?

ஞாயிறு காலை காருக்குள் ராவ்பகதூர், முதலியார், இரண்டு ரோஜா மாலை. டாக்டர் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கத்து புட்போர்டில் தொங்கினார். மறு பக்கம் நான்.

குப்பம் திரண்டு நின்றது. இருவரும் தத்தம் நோட்டீஸை ஆளுக்கொன்றாக வழங்கினார்கள். கை நீட்டி நோட்டீஸ் வாங்கிய ஜனம், ஊசிக்கு மட்டும் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டது.

மீன் விற்கும் அந்தோணியம்மா முன்னால் வந்தாள். மாதாகோயில் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவள்.

"ஊசி குத்துனா ஜொரம் வந்து ஆளு பூடும்னு சொல்லிக்கினு கீறாங்க. மெய்யா சாமி?"

"சேச்சே! யார் சொன்னது?"

"யாருன்னா இன்னா? மூணு நாளா பெரியவங்க வூட்டுக்கெல்லாம் அலஞ்சியாமே, டிரைவரு சொன்னாரு. இங்க ஒரு நடை வந்து எங்களாண்ட சொன்னியா?"

ஜாபிதாவை மனதுக்குள் புரட்டினேன். அச்சாபீஸ்காரர்கூட அதில் இருந்தார். ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்களில் ஒருவர்கூட இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சரி, பெரியவங்க மொதல்ல போட்டுக்கட்டும். அப்பால நாங்க போட்டுக்கறோம். நோட்டீசுல யாரு பேரு மொதல்ல கீது?"

ராவ்பகதூர் பாய்ந்து முதலியாரின் நோட்டீஸைப் பிடுங்கினார். "இதோ! முதலியார்வாள் பேர்தான் முதல்ல!"

முதலியார் ராவ்பகதூரின் நோட்டீஸைத் தூக்கிக் காட்டினார். "இதுல உங்க பேருங்க! பெரியவரை முந்திக்கிட்டு நானா?"

"எனக்கு நீரிழிவு, ஓய்!"

"நான் நேத்துதான் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சேன்!"

அந்தோணியம்மா இரண்டு நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "மேல ரெண்டு பேரு மாறி மாறிக் கீது. அடியில மட்டும் ரெண்டுலயும் ஒரே பேரு. 'இப்படிக்கு, காரியதரிசி.' அது யாரு சாமி?"

பெரிய மனிதர்கள் இருவரும் ஒரே சமயத்தில் என்னைக் காட்டினார்கள். இத்தனை நாளில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

டாக்டர் என் சட்டைக் கையைச் சுருட்டினார். ஸ்பிரிட் வாசனை வந்தது. அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது மணலில் கிடந்தேன். அந்தோணியம்மா நோட்டீஸால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"உசுரோட கீறாரு!" என்று கத்தினாள். "இவரே பொழச்சிக்கினாரு, நமக்கு இன்னா? வாங்கடி!"

வரிசை கடற்கரை வரை நின்றது. அந்தக் குப்பத்தில் வாந்திபேதி தலைகாட்டவே இல்லை. என் கைதான் நாலு நாள் வீங்கிக் கிடந்தது.

அடுத்த மாதம் இன்னொரு குப்பம். இந்தத் தடவை முதலில் குப்பத்து ஜனங்களைப் பார்த்துப் பேசிவிட்டு, அப்புறம் கடிதத்துக்கும் காருக்கும் போனேன். இரண்டும் உடனே கிடைத்தன.

இரண்டு வீட்டிலும் ஒரே பதில்: "நோட்டீசுல பேரெல்லாம் எதுக்கு? காரியம்தானே முக்கியம்!"