டாக்டர் கட்சிக்காரர்

மருந்துக்கடைக் கண்ணாடிப் பெட்டியின் இந்தப் பக்கம் மட்டுமே தென்படுகிற ஒரு ரகம் உண்டு. டாக்டர் கட்சிக்காரர் என்று பெயர். டாக்டரின் அறைக்குள் இவரைத் தேடாதீர்கள். அங்கே இவர் எதிர்க்கட்சி. நடக்கச் சொன்னால் முட்டி வலிக்கிறது என்பார், முட்டிக்கு மாத்திரை எழுதினால் சூடு என்பார், எடை மெஷின்மேல் ஏறி நின்றுகொண்டு மெஷினையே சந்தேகப்படுவார், வெளியே வந்ததும் "இவருக்கு ஒண்ணும் தெரியலை" என்று மனைவியிடம் தீர்ப்பும் சொல்லிவிடுவார். அதே டாக்டரின் சீட்டை மருந்துக்கடை அம்மாள் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிடட்டும். வந்துவிடும் ரோஷம்!

நேற்று எனக்கு முன்னால் நின்றவர் அசல் சரக்கு. கையில் முட்டிவலிச் சீட்டு.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா சார்?" என்றார் கடை அம்மாள்.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? எழுதினதை எடுத்துக் குடுங்க."

"நெஞ்சுக்கு ஒண்ணு சாப்பிடறாரும்மா, ரத்தம் உறையாம இருக்க," என்றார் மனைவி.

"அப்ப இதைக் குடுக்க மாட்டேன். ரெண்டும் சேர்ந்தா வயித்துல ரத்தம் கசியும், உயிருக்கே ஆபத்து. டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"அவர் முட்டியைத்தானே பார்த்தார்? நெஞ்சுக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் நம்மவர்.

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. இவருக்கோ சிவந்துவிட்டது. டாக்டர் எவ்வளவு படித்தவர், அவர் எழுதியதை நிறுத்தக் கடைக்கு யார் அதிகாரம் கொடுத்தது, நாளைக்கு வக்கீல் எழுதியதை டைப் அடிக்கிறவர் திருத்துவாரா என்று வரிசையைப் பார்த்து முழங்கினார். என் தலைகூட லேசாக ஆடியது, முழக்கம் அப்படி.

அம்மாள் வாதாடவில்லை. டாக்டருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஐயையோ, குடுத்துடாதீங்க! நல்லவேளை கேட்டீங்க. வேற எழுதறேன்," என்றது டாக்டரின் குரல்.

நம்மவர் போனை நோக்கிக் குனிந்தார். "டாக்டர், நீங்க இவங்களுக்கெல்லாம் பயப்படாதீங்க! எழுதினது எழுதினதுதான். நீங்களே மாத்தினா எப்படி?"

மனைவி சீட்டைப் பிடுங்கிக் கிழித்தே விட்டார். "டாக்டர் மானம் இருக்கட்டுங்க. எனக்கு நீங்க வேணும். பேசாம நில்லுங்க."

நின்றார். ஆனால் கட்சி மாறவில்லை.

ஆக, டாக்டர் சீட்டை மறுக்கும் உரிமை கடைக்கும் இல்லையாம், எழுதிய டாக்டருக்கும் இல்லையாம். பின்னே யாருக்குத்தான் உண்டு? சிரிக்காதீர்கள். போன தடவை உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது முழுசாகச் சாப்பிடச் சொன்ன மாத்திரையை, உடம்பு தேவலை என்று பாதியிலேயே நிறுத்தி, மிச்சத்தை மச்சினருக்கு எடுத்துக் கொடுத்தது எந்தக் கல்லூரியில் படித்த டாக்டர்?