பகுலூமேயின் மூன்றாம் சுழி

மகோகோபா, புலவாயோ
ஞாயிறு, குழாயில் தண்ணீர் வராத நாள்

பெருமதிப்பிற்குரிய தாய்மாமன் ஸ்வெலிபன்சி மபேனா அவர்களின் சமூகத்துக்கு, மருமகன் பெகுமுசி பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம். ஜோஹன்னஸ்பர்கில் தாங்களும், தங்கள் முதுகுவலியும், தாங்கள் காவல் காக்கும் கட்டடமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நாயைப் பற்றி நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியதையெல்லாம் தாங்கள் படித்துவிட்டதாக நீலக் குறி காட்டுகிறது. பதில்தான் காட்டவில்லை. ஆகவே இதைக் காகிதத்தில் எழுதி, எல்லை தாண்டும் வேன்காரர் ஸ்குமாவிடம் சனிக்கிழமை கொடுத்தனுப்புகிறேன், நாயோடு சேர்த்து. ஆமாம், நாயோடு. அந்த வேனில் ஃப்ரிட்ஜும் கட்டிலும் இந்தப் பக்கம் வருகின்றன, வேலை தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் போகிறார்கள். ஒரு நாய் போகக் கூடாதா? பின்வரிசையில் மூட்டைகளுக்கு நடுவே ஓர் இடம் பேசி வைத்துவிட்டேன். கோபப்படாமல் முழுவதும் படிக்கவும்.

'ரெண்டு வாரம் பாத்துக்கடா' என்று சொல்லித் தாங்கள் விட்டுப்போன நாய் இங்கே மூன்றாவது கிறிஸ்துமஸைப் பார்த்துவிட்டது. அதுகூடப் போகட்டும். நம் ஊர் சோலோட்சோவில் பக்கத்து வீட்டுக்காரனைக் குத்துவதற்காக அதற்கு 'பகுலூமே' என்று பெயர் வைத்தீர்கள், 'அவங்க பேசிக்கட்டும்' என்று. ஊரில் அது சரி. நாய்க்குப் பெயர் வைப்பதே வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குச் சேதி சொல்லத்தானே. ஆனால் மகோகோபாவில் ஒரே முற்றத்தில் நான்கு குடித்தனம். தினமும் விடிந்ததும் வீட்டுக்காரம்மா மாடூபேயின் சன்னலுக்குக் கீழே நின்று 'அவங்க பேசிக்கட்டும், அவங்க பேசிக்கட்டும்' என்று நான் கூவினால் அந்தம்மா என்ன நினைப்பார்? ஒரு நாள் சன்னலைத் திறந்தே கேட்டுவிட்டார்.

"நான் என்னடா பேசிட்டேன் உன்னைப் பத்தி? குளிக்கிறதில்லைன்னு சொன்னேன். அது உண்மைதானே?"

"அம்மா, அது நாய் பேரு."

"நாய்க்கு எதுக்குப் பேரு வெக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாதா? எங்கப்பா நாய்க்கு 'உன் பொண்டாட்டியைக் கேளு'ன்னு பேரு. அதுக்கப்புறம் மூணு வீடு காலி பண்ணிப் போச்சு."

அந்த வாரமே பகுலூமே, கொடியில் காய்ந்த மாடூபேயின் சிவப்புச் சர்ச் சட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தது. மாதக் கடைசிக்குள் நாய் வெளியேற வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. ஊருக்கு அனுப்பலாமென்றால் அங்கே பாட்டனார் வீடு பூட்டிக் கிடக்கிறது. தெருவில் விட்டால் நகரசபை வண்டி பிடித்துக்கொண்டு போய் ஊசி போடும். என்ன செய்வேன் சொல்லுங்கள்.

அப்போதுதான் நான் ரீசார்ஜ் விற்கும் முனையில் ஒரு கார் நின்றது. பட்டம் வாங்கியவன் ரீசார்ஜ் விற்கிற ஊரில் கார் நிற்பது அபூர்வமில்லை, இறங்கி வருவதுதான் அபூர்வம். இறங்கிய வெள்ளைக்காரர் பென்ஹேல், ரிட்ஜ்பேக் நாய் வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர். என்னைப் பார்க்காமல் பகுலூமேயின் முதுகைப் பார்த்தார். தோளிலிருந்து இடுப்பு வரை மயிர் எதிர்த்திசையில் வாரிவிட்டது போல ஓடுமே, அந்தப் பட்டையை.

"இது எங்க நாய் மாதிரியே இருக்கே," என்றார்.

எங்கள் நாய் உங்கள் நாய் மாதிரி இருக்கிறதா, உங்கள் நாய் எங்கள் நாய் மாதிரி இருக்கிறதா என்று கேட்க நாக்கு வரை வந்தது. அந்தப் பட்டை கப்பலில் வந்ததில்லை. இந்தக் கண்டத்து நாய்களின் முதுகிலிருந்து போனது. ஆனால் கேட்கவில்லை. ஏனென்றால் சங்கத்தின் வருடக் காட்சியில் கடைசிச் சுற்று வம்சக் காகிதமில்லாத நாய்களுக்கானது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாடூபேயிடம் போய் நின்றேன். அவர் யோசித்தார். "முதல் பரிசு வாங்கட்டும். வாங்கினா இருக்கட்டும். வாங்கலைன்னா வேன். நானே வந்து கண்ணால பாக்கறேன், நீ பொய் சொல்லுவே."

காட்சிக்கு முதல் நாள் பகுலூமேயைக் குளிப்பாட்டினேன். இந்த நகரத்தில் குழாய் எப்போது அழும் என்று குழாய்க்கே தெரியாது. மாடூபே மூடி போட்டு, மூடி மேல் கல் வைத்துச் சேர்த்திருந்த பீப்பாய்த் தண்ணீர் பின்கட்டில் இருந்தது. நாயைத் தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு மண் போய்ச் சிவப்பு நாயே வந்தது. கோதுமை விளைந்த நிறம் மாமா. அந்த அழகைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பீப்பாய் காலியானது தெரியவில்லை. மாடூபே வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மூடியைப் போட்டு, கல்லை எடுத்து அதன் மேல் வைத்தார். அந்தக் கல்லுக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

காட்சி மைதானத்தில் புல் பச்சையாக இருந்தது. எங்கள் தெருவில் குழந்தைகள் வாளியோடு வரிசையில் நிற்கிற வாரத்தில், நாய்கள் நடப்பதற்கு. காகிதம் உள்ள நாய்கள் முதலில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் தாத்தா பெயர், பண்ணைப் பெயர் எல்லாம் சேர்த்து மந்திரி பதவி ஏற்கிற நீளத்தில் பெயர். கூட வந்தவர்கள் பையிலிருந்து வேகவைத்த ஈரல் துண்டை எடுத்து மூக்குக்கு முன்னால் காட்டினால் நாய் சிலையாக நிற்கிறது. காற்று எங்கள் பக்கம் வீசியது. நானும் பகுலூமேயும் காலையில் சாப்பிட்டது முந்தின நாள் இசிட்ஷ்வாலாக் களி. ஈரல் வாசனைக்கு எங்கள் இருவர் வாயிலும் ஒரே நேரத்தில் நீர் ஊறியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சிலையாக நின்றது நான்தான்.

நடுவர் எல்லை தாண்டிப் புளூம்ஃபொன்டெய்னிலிருந்து வந்த கிழவி, ஹெஸ்டர் கிரோப்ளர் என்று பெயர். தட்டையான செருப்பு, கோணல் தொப்பி, அடிக்கடி கழுவித் தோல் உரிந்த கைகள். அந்தக் கைகளைப் பற்றித்தான் மாமா நான் எழுத உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் தானாக வந்துவிட்டது.

காகிதச் சுற்றுகள் முடிந்ததும் பென்ஹேல் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அடுத்தது கொஞ்சம் சிரிக்கிறதுக்கு," என்றார். கூட்டம் அப்போதே சிரித்தது. நாங்கள் ஏழெட்டுப் பேர் உள்ளே போனோம்: தக்காளி விற்கும் சிபதிசிவே, நான், தெருக்காரர்கள் சிலர், கயிறு, கேபிள், கிழிந்த பெல்ட் என்று கைக்கு வந்ததில் கட்டிய நாய்கள். வாலை நன்றாக ஆட்டுகிற நாய்க்கு ஒரு பரிசைக் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கமாம்.

கிரோப்ளர் அம்மா சிரிக்கவில்லை. முதல் நாயிடம் குனிந்து, தலையிலிருந்து தொடங்கினார். மண்டை, பல், கழுத்து, தோள், முழங்கை, பாதத்தின் ஒவ்வொரு விரல். பிறகு நடக்கச் சொல்லி, தூரம் போய்ப் பார்த்து, திரும்பி வரச் சொல்லிப் பார்த்தார். காலையில் மந்திரி நாய்களுக்கு எவ்வளவு நேரமோ, கேபிள் கட்டிய நாய்க்கும் அவ்வளவு நேரம். சிரிப்பு மெல்ல அடங்கியது. பென்ஹேல் வேலிக்கு அருகில் வந்து கெஞ்சினார்.

"ஹெஸ்டர், டீ ஆறுது."

"ஆறட்டும். நாய்ங்க வெயில்ல நிக்குது."

எங்கள் முறை வந்தது. தாங்கள் அறிவீர்கள், பகுலூமேயை அந்நியர் தொட்டதில்லை. தொட்டவர்கள் தபால்காரர் உட்பட இப்போது வேறு தெருவில் வேலை பார்க்கிறார்கள். நான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கடவுளைக் கூப்பிட்டேன். அந்தம்மா புறங்கையை நீட்டினார். முகர்ந்தது. பிறகு அந்தக் கை தலைமேல் ஏறியது, நம்பமாட்டீர்கள், பகுலூமே அசையவில்லை. காதைத் தாழ்த்திக்கொண்டு, கோயிலில் நிற்பவன் போல நின்றது.

"பல்லைக் காட்டு," என்றார்.

நான் காட்டினேன்.

"உன்னோடது இல்லப்பா."

மைதானமே சிரித்தது. மாடூபே நாற்காலியிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்ததை நான் பார்த்தேன். கிரோப்ளர் அம்மா மட்டும் சிரிக்காமல் நாயின் உதட்டைத் தானே தூக்கிப் பார்த்தார். பிறகு பின்னால் போய், வாலுக்குக் கீழே, ஆண் நாய்க்கு இருக்க வேண்டிய இரண்டும் இருக்கிறதா என்று கையால் சரிபார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மாடூபே சர்ச் தொப்பியால் கண்ணை மூடிக்கொண்டு, தொப்பிக்கு அடியில் பார்த்தார்.

நடக்கச் சொன்னார். பகுலூமே நடந்தது. கயிறு தளர்ந்தே இருந்தது. தெருவில் என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாய், அன்று தரையைத் தொட்டும் தொடாமலும் போயிற்று. திரும்பியபோது கூட்டம் பேச்சை நிறுத்தியிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள் மாமா. எங்கள் தெரு நாயை, இத்தனை பேர், வாயைத் திறக்காமல் பார்த்தார்கள்.

கடைசியாக முதுகு. ஒரு விரலை வைத்துத் தோளிலிருந்து பட்டை வழியே இறங்கினார். பட்டையின் தலைமாட்டில் எதிரெதிராக இரண்டு சுழி இருக்க வேண்டும், சோடி பிசகாமல், அதுதான் சட்டம். விரல் முதல் சுழியில் நின்றது, இரண்டாவதில் நின்றது, ஓர் அங்குலம் கீழே வந்து மறுபடியும் நின்றது. நானும் குனிந்தேன். மூன்றாவது சுழி. மயிர் சின்னதாகச் சுருண்டு, குழந்தை எழுதிய பூஜ்யம் போல. இத்தனை வருஷம் தடவிய முதுகில் நான் அதைப் பார்த்ததில்லை.

அந்தம்மா நிமிர்ந்தார். "இன்னிக்குக் காலையிலிருந்து நான் தொட்ட எல்லா நாயிலயும், காகிதம் இருக்கறதையும் சேத்துத்தான் சொல்றேன், இதுதான் நல்லா அமைஞ்ச உடம்பு. ஆனா சுழி மூணு. முதல் பரிசு குடுக்க முடியாது."

நான் விடவில்லை. "அந்தச் சட்டத்தை யாரும்மா எழுதினது?"

"செத்துப்போனவங்க. இதே ஊர்ல, ஒரு மேசையைச் சுத்தி உக்காந்து."

"எங்க ஆளுங்க இருந்தாங்களா அந்த மேசையில?"

"இல்ல," என்றார் உடனே. "உங்க ஆளுங்க இல்ல. உங்க நாய்ங்க இருந்துச்சு."

பென்ஹேல் இருமினார். அந்தம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தப்பான சட்டம்தான்னு நானும் நினைச்சிருக்கேன். எழுதிப் போட்டும் பாத்தேன். ஆனா மைதானத்துக்குள்ள வந்து எனக்குப் பிடிச்ச நாய்க்காக அதை வளைச்சேன்னா, நாளைக்குப் பிடிச்ச ஆளுக்காக வளைப்பேன்."

முதல் பரிசு நாடா சிபதிசிவேயின் ஒற்றைக்காது நாய்க்குப் போயிற்று. அதற்குச் சுழி இரண்டு. எங்களுக்கு இரண்டாவது, நீல நாடா.

மாமா, நான் தோற்றேன், ஆனால் தோற்றவன் மாதிரி வரவில்லை. இந்த ஊரில் என்னைப் பார்த்தவர்களை நினைத்துக்கொண்டே நடந்தேன். வேலை கேட்டுப் போன ஒவ்வோர் அலுவலகத்திலும் என் சான்றிதழைப் பார்க்கும் முன் 'யாரு அனுப்பினாங்க' என்றுதான் கேட்டார்கள். கடைக் காவலாளி என் செருப்பைப் பார்ப்பான். வங்கியில் என் காலரைப் பார்ப்பார்கள். ஒரு கிழவி, அயல்நாட்டுக்காரி, உச்சி வெயிலில், என் நாயின் கால்விரலை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதன் சொந்தக்காரன் யாரென்று கேட்கவே இல்லை. மனிதரை இப்படிப் பார்க்க ஓர் ஆள் இந்த நாட்டில் இருந்தால் நான் பல்லைக் காட்டத் தயார். கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது, கையில் கயிறு இருந்தது.

மைதானத்திலிருந்து திரும்பும் வழியில் மாடூபே நீல நாடாவை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். ரெண்டாவது என்றால் ரெண்டாவதுதான், சொன்ன சொல் சொன்ன சொல்தான். ஆகவே சனிக்கிழமை பகுலூமே வருகிறது. வழியில் தண்ணீர் கொடுக்கும்படி ஸ்குமாவிடம் சொல்லியிருக்கிறேன். இறங்கியதும் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், கடிக்காது. மூன்றாவது சுழி தோளுக்குக் கீழே, இடப்பக்கம், தொட்டுப் பாருங்கள். என்னைத் திட்டத் தோன்றினால் அதற்குப் பிறகு திட்டுங்கள்.

முன்னோர்கள் தங்களையும், தங்கள் முதுகையும், தங்கள் காவலில் உள்ள கட்டடத்தையும் காக்கட்டும். அத்தைக்கு என் வணக்கம்.

தங்கள் அன்பு மருமகன்,
பெகுமுசி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் மாடூபே வாசலில் வந்து நின்றார். கையில் நீல நாடா. அதை இஸ்திரிப்பெட்டி போட்டுச் சுருக்கம் எடுத்திருந்தார்.

"ஏண்டா, மூணு சுழின்னா கூடுதலாத்தானே இருக்கு? குறைச்சலா இல்லையே?"

"சட்டம்னு ஒண்ணு இருக்கும்மா."

"அது அவங்க மைதானத்துச் சட்டம். என் முற்றத்துக்கு நான்தான் எழுதணும். நாய் இருக்கட்டும். ரெண்டு தெரு தள்ளியிருந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ வெளிய வா."

வந்தேன். முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். நடக்கச் சொன்னார். நடந்தேன். திரும்பச் சொன்னார். திரும்பினேன். பல்லைக் காட்டச் சொன்னார்; இந்த முறை என்னுடையதுதான். மற்றக் குடித்தனக்காரர்கள் கதவில் சாய்ந்து நின்று பார்த்தார்கள்.

"பல்லு நல்லா இருக்கு," என்றார். "ஆனா அந்த நாய் நான் குடுத்த தண்ணியைக் குடிச்சுது. நீ என் பீப்பாய்த் தண்ணியை ஊத்திட்டே. பிள்ளைங்களுக்கு வெச்சிருந்த தண்ணி. என் தங்கச்சி மகன் சனிக்கிழமை வர்றான், உன் ரூமை ஒழிச்சுக் குடு."

வாதாட எனக்கு இடமில்லை மாமா. யார் அனுப்பினார்கள் என்று அந்தம்மா கேட்கவில்லை. என் செருப்பைப் பார்க்கவில்லை. எதிரில் இருந்ததைப் பார்த்து, இருந்ததைச் சொல்லிவிட்டார். ஆகவே சனிக்கிழமை ஸ்குமாவின் வேனில், மூட்டைகளுக்கு நடுவே பேசி வைத்த அந்த இடத்தில், நான் வருகிறேன். ரெண்டு வாரம் பார்த்துக்கொள்ளவும். முடிந்தால் கொஞ்சம் ஈரல் வாங்கி வைக்கவும்.

மாடூபே இப்போது வாசலில் நின்று நாயைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். 'அவங்க பேசிக்கட்டும், அவங்க பேசிக்கட்டும்' என்று, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.