சக்கரபுரத்து வெள்ளை முத்திரை

சக்கரபுரம் என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு மக்களுக்கு வண்டி என்றால் உயிர். அதனால் தேய்ந்த டயர்கள் ஊருக்கு ஊர் மலையாகக் குவிந்தன. அவற்றில் மழைநீர் தேங்கிக் கொசு பெருகியது. வீட்டுக்கு வீடு காய்ச்சல்.

டயர் வணிகர் சங்கம் அரசரிடம் ஒரு திட்டத்தை நீட்டியது. "நாங்கள் விற்றதை நாங்களே திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்கிறோம். அரசாங்கத்துக்கு ஒரு வேலையும் இருக்காது."

அந்தக் கடைசி வரி மந்திரிகளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. திட்டத்தை ஆராய ஐவர் குழு அமைத்தார்கள். ஐவரும் டயர் வணிகர்கள். "டயரைப் பற்றி அவர்களைவிட யாருக்குத் தெரியும்?" என்றார் தலைமை மந்திரி. ஒப்புதல் அன்றைக்கே கிடைத்தது.

ஒரு டயர் மலையின் அடியில் கூத்தையன் குடியிருந்தான். பழைய டயரை வெட்டிச் செருப்புத் தைப்பது அவன் பிழைப்பு. உண்மையில் நாட்டிலேயே மறுசுழற்சி செய்துகொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான், பாவம். பதிவு பெறாதவர் டயரைத் தொடக் கூடாது என்று ஆணை வந்தது. அவனுடைய கத்தியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிறகு சங்கத்து அதிகாரி ஒரு சாய டப்பாவோடு வந்தார். ஒவ்வொரு டயரிலும் 'மறுசுழற்சி செய்யப்பட்டது' என்று வெள்ளை முத்திரை குத்தினார். ஈர டயரில் சாயம் காய வெகுநேரம் ஆகிறதென்று அலுத்துக்கொண்டார்.

"தூக்கிட்டுப் போகலையாங்கய்யா?" என்று கேட்டான் கூத்தையன்.

"தூக்குவது திட்டத்தில் இல்லை. முத்திரை விழுந்தபின் அது டயரே இல்லை."

அடுத்த மழையில் அவன் மனைவி இளஞ்சி காய்ச்சலில் விழுந்தாள். கூத்தையன் பொறுக்கமாட்டாமல் டயர்களைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினான். காவலர் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"எதைக் கவிழ்த்தாய்?" என்றார் நீதிபதி.

"டயரைங்க."

டயரைத் தொட்டதற்கு மூன்று நாள் சிறை. டயரே இல்லாத இடத்தில் டயர் இருப்பதாகச் சொன்னதற்கு இன்னொரு மூன்று நாள். ஆறு நாள் கழித்து அவன் வீடு திரும்பியபோது இளஞ்சியால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை.

டயரே இல்லாத நாடு என்று சக்கரபுரம் பெயர் வாங்கியதில் அரசருக்கு ஏக மகிழ்ச்சி. காய்ச்சலை ஒழிக்கும் பொறுப்பையும் அதே சங்கத்திடம் கொடுத்தார். அதே அதிகாரி அதே டப்பாவோடு கூத்தையன் வீட்டுக்கு வந்தார். முத்திரை மட்டும் புதிது: 'குணமாகிவிட்டது'.

"குத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவ கையத் தொட்டுப் பாருங்கய்யா" என்றான் கூத்தையன்.

"தொட்டுப் பார்ப்பது திட்டத்தில் இல்லை."

"விடுங்க, அவரு வேலைய அவரு பாக்கட்டும்" என்று இளஞ்சி கையை நீட்டினாள். முத்திரை விழுந்தது. விழுந்த மறுகணமே சாயம் காய்ந்துபோயிற்று.

"இந்தத் தடவை நல்ல சாயமாக அனுப்பியிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த வீட்டுக்குப் போனார்.