ஆர்னே ஒளித்து வைத்த இடம்

"பின்னாடி பாரு, வர்றான்" என்றார் ஆர்னே.

காரின் பின் இருக்கையில் வாளிகளுக்கு நடுவே நசுங்கிக் கிடந்த மருமகன் சாமுலி திரும்பிப் பார்த்தான். பக்கத்து வீட்டுக் காலெவாவின் சிவப்புக் கார் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

எங்கள் ஃபின்லாந்தில் காட்டு ப்ளூபெர்ரிப் பழத்துக்குச் சொந்தக்காரன் கிடையாது. எவன் காட்டிலும் எவனும் பறிக்கலாம், சட்டமே அப்படி. அதனால் நல்ல இடம் தெரிந்தவன் வாயைத் திறக்கமாட்டான். சாகும்போது பிள்ளைகளுக்குச் சொல்வான். ஆர்னே அப்போதும் சொல்வதாக இல்லை. மனைவி சில்வியையே காட்டோரத்தில் நிறுத்திவிட்டுப் போகிறவர் அவர். இந்த வருஷம் முதுகு பிடித்துக்கொண்டதால், வாளி தூக்க மருமகனை உள்ளே கூட்டிப்போக வேண்டியதாகிவிட்டது. பாதிச் சொத்தை எழுதிக் கொடுத்த முகத்தோடு வண்டி ஓட்டினார்.

"காலெவா மாமா பாவம்ப்பா" என்றாள் மகள் கைசு.

"பாவமா? ஒவ்வொரு வருஷமும் நாய் மாதிரி மோப்பம் பிடிச்சிட்டு வர்றான். முன்னெல்லாம் இப்படி இல்ல."

"நீங்க ராத்திரி பூரா காட்டுல தொலைஞ்சு போனீங்களே, அதுக்கப்புறம்தான்."

"தொலையல. காட்டைச் சுத்திப் பாத்தேன்."

சட்டென்று மண்பாதையில் வண்டியைத் திருப்பினார். முன் இருக்கையில் சில்வி கைபேசியைத் தட்டினாள்.

"என்னடி அது?"

"மழை வருமான்னு பாக்குறேங்க."

மழை வரவில்லை. சிவப்புக் கார் வந்தது.

ஆர்னே வண்டியை வேண்டாத இடத்தில் நிறுத்தி, மனைவியையும் மகளையும் இறக்கிவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் இந்தப் பக்கமா பாட்டுப் பாடிட்டே போங்க. அவன் உங்க பின்னாடி வருவான்."

"என்ன பாட்டு?"

"எதுவா இருந்தா என்ன? சத்தமா பாடுங்க."

மருமகனின் கைபேசியை வாங்கிக் காருக்குள் பூட்டினார். "இது போற இடத்தையெல்லாம் ஞாபகம் வச்சுக்கும்."

"மாமா, நான் உங்க மாப்பிள்ளை."

"அதனாலதான்."

இடத்துக்கு நேர்ப்பாதை உண்டு. அதில் போனால் மருமகன் பாதையைக் கற்றுக்கொள்வான். ஆகவே சதுப்பு நிலத்துக்குள் இறங்கினார்கள். ஆர்னேயின் இடது பூட்ஸைச் சேறு பிடுங்கிக்கொண்டது. கால்தடம் தெரியாதிருக்க ஓடையில் நடந்தார்கள். பிறகு மருமகனுக்குத் திசை குழம்பட்டும் என்று ஒரு பாறையை மூன்று முறை சுற்றினார். குழம்பியது. அவருக்கும்தான்.

கொசு காதுக்குள் புகுந்தது. எங்கள் ஊரில் ஜூலைச் சூரியன் ராத்திரி வெகுநேரம் வரை இறங்காது, அதை வைத்து நேரமும் சொல்ல முடியவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி பைன் மரங்கள்.

"மாமா, வழி தெரியலைதானே?"

"தெரியுது. எந்த வழின்னுதான் யோசிக்கிறேன்."

"சத்தம் போட்டுக் கூப்பிடலாமே."

"கூப்பிட்டா அவனுக்குக் கேட்டுடும்."

"அவர் காப்பாத்துவாரே!"

"இடம் தெரிஞ்சப்புறம் காப்பாத்தி என்ன பிரயோஜனம்?"

சாமுலி வாளிகளைக் கீழே வைத்தான். பிறகு பசித்தது. ரொட்டி சில்வியின் கூடையில் இருந்தது. தூரத்தில் பாட்டுச் சத்தமும் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

ஒற்றைப் பூட்ஸோடு ஆர்னே ஒரு மேட்டின் மேல் ஏறினார். அப்படியே நின்றார். கீழே அவருடைய இடம். தரை முழுக்க நீலமாகக் காய்த்துக் கிடந்தது. நடுவில் விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்து, ஃபிளாஸ்கிலிருந்து காபி குடித்துக்கொண்டிருந்தான் காலெவா.

ஆர்னே கீழே இறங்கினார். "கண்டுபிடிச்சிட்டியா?"

"எதை?"

"நடிக்காதடா! வாளி எங்க?"

"வாளியா? எனக்கு முழங்கால் போயி எத்தனையோ வருஷமாச்சு. குனியவே முடியாது."

ஆர்னே சுற்றிப் பார்த்தார். ஒரு செடியில்கூடக் கை பட்டிருக்கவில்லை. பழம் பறிக்காதவன் எதற்காக வருஷா வருஷம் பின்னால் வரவேண்டும்? யோசித்தார். ஒன்றும் பிடிபடவில்லை. சம்பந்தமில்லாமல் வேறொன்று ஞாபகம் வந்தது. சில்வி பழம் வந்ததும் இரண்டு கேக் சுடுவாள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று சர்ச்சுக்கு என்பாள். அந்தப் பாதிரியார் ஒருமுறைகூட நன்றி சொன்னதில்லை. நன்றி கெட்ட மனுஷன்.

காலெவா காபிக் குவளையை மருமகனிடம் நீட்டிவிட்டு, கைபேசியை எடுத்துக் காதில் வைத்தான்.

"சில்வி, ஆளு கிடைச்சாச்சு. வழக்கமான இடம்தான். ஆனா இந்தத் தடவை ரெண்டு பேரைத் தேடியிருக்கேன், அதனால எனக்கு ரெண்டு கேக்கு."